பெரியம்மா மறித்த வரப்பு

அம்மா பிசைந்து தரும் ரசஞ்சாதத்தில் லேசாகச் சாக்பீஸ் வாசம் அடிக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவளுடைய வலது கை விரலிடுக்கிலிருந்து அந்த வெள்ளைத் தூள் முழுதாகப் போகாது. தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரப் பாடம் நடத்திவிட்டு, அதே கையால் டவுன் பஸ் கம்பியைப் பிடித்து வீடு வந்து சேர்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே, "இன்னிக்கு உலக வங்கியையே ஒரு பிடி பிடிச்சிட்டேன்" என்று சிரிப்பாள். உலக வங்கி என்பது எங்கள் தெருமுனை வங்கியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டடம் என்று நான் நினைத்திருந்தேன்.

தாராளமயம் என்ற சொல் செய்தித்தாள்களில் புதிதாகப் புழங்க ஆரம்பித்திருந்த காலம் அது. அம்மாவின் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் "கடைமடை". அங்கே துபாய், சிங்கப்பூர், திருப்பூர் என்று கிளம்பிப் போனவர்கள் போக, மிஞ்சிய ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெளிநாட்டுக்கு போன் பேசும் ஐ.எஸ்.டி. பூத் வைத்திருந்தவர் மட்டும் மாடி கட்டினார். வயலெல்லாம் பெண்கள் கையில் இருந்தது. அம்மாவின் அக்கா அருளாயி பெரியம்மாவும் அவர்களில் ஒருத்தி. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கையைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு, தான் படிப்பை நிறுத்திச் சேற்றில் இறங்கியவள் அவள்.

அம்மாவை ஒரு கட்சி நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நிறுத்தியபோது, "டீச்சரம்மாவுக்கு எதுக்கு இந்த வீண் வேலை" என்று சொல்லாத உறவினர் இல்லை. பெண்களின் கூலியைப் பற்றி மேடைமேடையாகப் பேசிய அம்மாவுக்கு, அதை முடிவு செய்கிற இடத்துக்கே போனால் என்ன என்று தோன்றிவிட்டது. சொந்த ஊர் கைவிட்டால் மற்ற ஊர்களில் முகம் காட்ட முடியாது என்ற பயமும் அவளுக்கு இருந்தது. அது புரட்டாசி மாதம். எனக்குக் காலாண்டு விடுமுறை. ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

ஊருக்குள் போனால் வீடுகள் பூட்டிக் கிடந்தன, எல்லாரும் சம்பா நடவில் இருந்தார்கள். வேலையை விட்டு அவர்கள் ரோட்டுக்கு வரமாட்டார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் வரப்பில் இறங்கி நடந்தாள். பின்னால் கட்சிக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் நான், இன்னும் கொஞ்சம் தள்ளி, எதில் மாட்டுவாள் என்று காத்திருந்த எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் கேமராவோடு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும் வயல் வரப்பில் மிராசுதாரோ வெளியாளோ நடந்து வந்தால், நடவுக்காரிகள் ஒரு "நாத்து முடி"யை, அதாவது நாற்றுக் கட்டை, அவர் காலடியில் வைத்துக் குலவையிட்டு மறிப்பார்கள். ஏதாவது கொடுக்காமல் அதைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டால் அந்த ஆளின் பெயர் அடுத்த நடவுப் பாட்டிலேயே நாறிப்போகும்.

முழங்கை வரை சேற்றோடு கரையேறி வந்த பெரியம்மா, ஒரு கட்டு நாற்றை அம்மாவின் காலடியில் வைத்தாள். வயல் முழுக்கக் குலவை எழுந்தது. அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"என்னக்கா, என்னையா மறிக்கிறே? நான் என்ன வெளியாளா?"

"அம்மா, பர்ஸ்ல கை வச்சிடாதீங்க" என்று ஒன்றியச் செயலாளர் பின்னாலிருந்து பதறினார். "ஓட்டுக்குக் காசு குடுத்தாங்கன்னு கேஸாயிடும். அந்தா கேமராவோட நிக்கிறான் பாருங்க. பேசாம எறங்கி நாலு முடி நட்டுடுங்க, போட்டோவும் நல்லா வரும்."

அம்மா போட்டோவுக்காக இறங்கப் போனாள் என்று நான் ஒருநாளும் நம்பமாட்டேன். தான் வெளியாள் இல்லை என்று அக்காவுக்குக் காட்டத்தான் செருப்பைக் கழற்றினாள், புடவையைத் தூக்கிச் செருகினாள். பெரியம்மா போட்ட அதட்டலில் வயலில் இருந்தவர்களே நிமிர்ந்துவிட்டார்கள்.

"எறங்காதே பாப்பா! ஒன்ன சேத்துல எறக்கக் கூடாதுன்னுதானேடி நான் எறங்குனேன்? நம்ம ஆத்தா ஆயுசுக்கும் மிராசுதாரு காலடியிலதான் முடி வச்சா. எந் தங்கச்சி காலடியில வைக்க எனக்குக் குடுத்து வச்சிருக்கு. அதக் கெடுத்துடாதே."

அம்மா அழுதுவிட்டாள். நானும் அழுதேன். ஒன்றியச் செயலாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன வெயில் என்றார்.

"ஆனா சும்மா வுட மாட்டேன்" என்றாள் பெரியம்மா. "ஒங் காசு எவளுக்கு வேணும்? சொசைட்டில வெத, உரம் கேட்டா, வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்ங்கிறான். அந்த மனுசன் துபாய்ல சிமெண்டு கொழைக்கிறாரு. உழுவுறது, நடுறது, அறுக்குறது எல்லாம் நாங்க, விவசாயி மட்டும் அவுங்களா? டில்லில போயி இதக் கேளு. கேக்குறேன்னா முடிய எடுத்துட்டுப் போ. இல்லன்னா தாண்டாதே."

அம்மா குனிந்து முடியை எடுத்தாள். மறுபடி எழுந்த குலவை அடுத்த ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். வழியெல்லாம் அது அவள் மடியில் இருந்தது, சேற்றுத் தண்ணீர் வெள்ளைப் புடவையில் இறங்கியதை அவள் துடைக்கவே இல்லை. எங்களுக்கு முன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்ததால், போன ஊர்களிலெல்லாம் பெண்கள் முதலில் அம்மாவின் மடியைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மா ஜெயித்தாள். அவளுடைய முதல் பேச்சை, பெரியப்பா துபாயிலிருந்து கொண்டுவந்திருந்த கலர் டிவியில், பெரியம்மா வீட்டில் பார்த்தோம். நடவுக்காரிகள் அத்தனை பேரும் அங்கே அடைந்திருந்தார்கள். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தமிழில், "உழுது, நட்டு, அறுக்கிறவர் விவசாயி இல்லையென்றால் வேறு யார் விவசாயி?" என்று கேட்டாள். "நான் சொன்னதத்தானே சொல்றா!" என்று பெரியம்மா பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

மறுநாளே எதுவும் மாறிவிடவில்லை. மந்திரிகளின் அறை வாசலில் காத்துக்கிடந்தும், அதிகாரிகளோடு மல்லுக்கட்டியும், அடுத்த தேர்தலில் தோற்ற பிறகும் விடாமல் அம்மா அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவழியாக, கணவர் கையெழுத்து இல்லாமல், தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுப் பெரியம்மா சொசைட்டியில் விதை வாங்கினாள். அன்று பூத்துக்குப் போய் அம்மாவுக்கு போன் போட்டவள், விஷயத்தைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாளாம்.

போன புரட்டாசியில் அம்மாவோடு அதே வரப்புக்குப் போனேன். அன்று மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்திருந்த அந்த வயல் இப்போது பெரியம்மா பெயருக்கே வந்திருந்தது. இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. அது யாரையும் மறிப்பதில்லை. குலவை இல்லை, ஐ.எஸ்.டி. பூத் இல்லை, மிராசுதாரும் இல்லை. முதுகு ஒடிய நட்ட பெண்களுக்கு அந்த வேலை போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. இயந்திரம் விட்டுப்போன இடங்களில் மட்டும் பெரியம்மா கையால் நட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கரையேறி வந்து, அம்மாவின் காலடியில் ஒரு கொத்து நாற்றை வைத்தாள்.

"இப்ப நீ ஓட்டுக் கேட்டு வரல, எவனும் கேஸு போட மாட்டான். எடு காச."

"காசெல்லாம் இல்லக்கா" என்றாள் அம்மா. "இப்பவாவது எறங்கட்டுமா?"

பெரியம்மா தன் வயலை ஒருமுறை பார்த்தாள், தங்கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தக் கொத்தை எடுத்துப் பாதியைப் பிரித்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு எறங்கு. இது நம்ம வயலுடி."