வீட்டுக்குள் போடும் செருப்பு

நாவற்குடாவில் நான் இருக்கும் வீடு நானும் அவரும் கட்டியது. மகளுக்குக் கலியாணம் முடித்தபோது எங்கள் ஊர் வழக்கப்படி அவள் பேரில் எழுதிக் கொடுத்தோம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு பின்பக்கத்து அறை எனக்கு. அங்கிருந்து சமைக்கிற குசினிக்குப் போக ஹோலைக் கடக்க வேண்டும். சாமி அறையும் ஹோலில்தான். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் காலுக்கு இறங்கும்வரை இதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கால் பார்க்கும் பிள்ளை தூண்டில் தங்கூசி போன்ற ஒரு நைலோன் நரம்பால் என் உள்ளங்காலை அங்கங்கே குத்தி, "தெரியுதா அம்மா?" என்று கேட்டாள். கண்ணை மூடியிருந்த நான், அவள் இன்னும் குத்தத் தொடங்கவில்லை என்றே நினைத்திருந்தேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பெருவிரலின் அடியில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. புண் வந்தால் அங்கேதான் வரும், வந்தாலும் உங்களுக்குத் தெரியாது என்றாள். அழுத்தினால் அமுங்கும் ஒரு நுரைக்கட்டியில் காலைப் பதிக்கச் சொன்னாள். அந்தப் பதிவுக்கு ஏற்ப, செருப்புக்குள் வைக்கும் மெத்தை செய்து கொடுத்தார்கள். பெருவிரலடியில் பாரம் விழாமல் இருக்க, அந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். வெளியில் போட ஒரு சோடி, வீட்டுக்குள் போட ஒரு சோடி.

"வீட்டுக்குள்ளதான் அம்மா நீங்க கூடுதலா நடக்கிறீங்க. வெறுங்காலோட ஒரு அடி வைக்கப்படாது."

பக்கத்தில் நின்ற மகளும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து அந்தச் செருப்போடு ஹோலுக்குள் நடந்தேன். மருமகன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மாமியோடு அவர் வாய்விட்டுப் பேசுவதில்லை, எங்கள் பக்கத்து மரியாதை அது. என் காலைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"அம்மா, சாமி அறைக்கு முன்னால செருப்போட திரியிறது சரியில்லதானே. வாற ஆக்கள் என்ன நினைப்பாங்க?" என்றாள் மகள்.

"இது தெருவ மிதிக்காத செருப்பு புள்ள. ஆஸ்பத்திரியில சொன்னத நீயும் கேட்டாய்தானே?"

"ஓம், கேட்டன். அதுக்கு? செருப்பு செருப்புதானே."

சாமி விசயத்தில் வாயைத் திறந்தால் கடைசியில் கெட்டவள் நான்தான். கட்டிலிலிருந்து அறை வாசல்வரை போட்டு நடந்து, நடக்க வேண்டிய இடம் வந்ததும் கழற்றி வைத்தேன். அடுத்த கிளினிக்கில், "வீட்டுக்குள்ள போடுறீங்கதானே?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். "ஓம்" என்றாள் மகள், எனக்கு முந்திக்கொண்டு.

ஒரு நாள் வாவி இறால் வாங்கி வந்தார்கள். மருமகனுக்கு விருப்பமென்று நானே உரித்தேன். இறால் தலையில் இருக்கும் முள் ஒன்று கீழே கிடந்து என் காலில் ஏறியிருக்கிறது. எனக்கு எங்கே தெரிந்தது? அதோடேயே குசினிக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பின்னேரம் மகள் துணியோடு வந்தாள்.

"இறால் கழுவின தண்ணிய வீடு முழுக்கச் சிந்தி வெச்சிருக்கீங்களே அம்மா. வெள்ளை மாபிள், கறை போகாது."

இறால் தண்ணீர் அப்படிச் சிவப்பாய் இருக்காது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அவள் துடைத்தாள். நான் குற்றவாளி மாதிரி ஒதுங்கி நின்றேன். சில நாளில் கெட்ட மணம் வரத் தொடங்கிய பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்தோம்.

முதலில் பெருவிரலை எடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மகள் வார்ட்டு வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நடிப்பில்லை, உண்மையான அழுகைதான். அந்த அழுகையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

இப்போது எனக்குச் சில்லுக் கதிரை. விடியற்காலையில் மருமகனே வாவிக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார், நல்ல மனுசன். மாட்டுச் சாணம், மீன்காரர் ஊற்றிய தண்ணீர், மழைச் சேறு எல்லாவற்றிலும் சில்லு உருள்கிறது. திரும்பி வந்ததும் அவர் தன் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, என்னைக் கதிரையோடு உள்ளே தள்ளுவார். நான் கும்பிடட்டும் என்று சாமி அறைக்கு முன்னால் நிறுத்துவார். வெள்ளை மாபிளில் வாசலிலிருந்து சாமி அறைவரை இரண்டு கோடு சேறு. மகள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் துடைக்கிறாள்.