'திகதி தெரியாது' என்று எழுதிய கை

முதுகலைக்கு நான் எடுத்துக்கொண்டது ஆபிரிக்க வரலாறு. சுனாமி என் குறிப்புக் கொப்பிகளை வாவியோடு கொண்டுபோனதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன். கென்யக் கிராமத்தவர்கள் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் வைத்துத்தான் காலத்தைச் சொன்னார்கள். கேட்டு எழுதிய வெள்ளைக்கார ஆட்சியின் எழுதுவினைஞர்களோ 'திகதி தெரியாது' என்று போட்டுவிட்டார்கள். இரண்டாம் அத்தியாயம் முழுக்க அவர்களைத் திட்டித் தீர்த்திருந்தேன்.

அந்த நாள்களில்தான் வாகரைப் பக்கச் சனம் இடம்பெயர்ந்து சித்தாண்டிக்கு வந்தது. முகாமில் காணாமல் போனவர்களின் படிவம் நிரப்பத் தொண்டனாகப் போனேன். தூரத்தில் ஷெல் சத்தம் நிற்கவில்லை, எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கதிரவெளித் தங்கம்மாவின் மகன் காணாமல் போயிருந்தான்.

"என்ன திகதி அக்கா?"

"சுனாமிக்குப் பிறகு ரெண்டாம் மாரி சேர். நாங்க நடந்து வெளிக்கிட்டமே, அதுக்கு முதல் வெள்ளிக்கிழமை."

"திகதியச் சொல்லுங்க. பின்னால எவ்வளவு சனம் நிக்குது!"

'தெரியாது' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

போர் முடிந்த வருடம், ஆய்வேட்டைப் புத்தகமாகக் கட்டக் கொடுக்க இருந்த காலையில், தங்கம்மா பல்கலைக்கழகத்துக்கே தேடி வந்தார். கையில் அந்தப் படிவத்தின் பிரதி.

"இது உங்கட எழுத்துத்தானே சேர்? திகதி இல்லையெண்டு இவ்வளவு நாளும் ஒருத்தரும் தேடல்லயாம்."

அவருடைய முகாம் அட்டையில் வந்து சேர்ந்த நாள் இருந்தது. எத்தனை நாள் நடந்தீர்கள் என்று கேட்டு, கலண்டரில் அதற்கு முதல் வெள்ளிக்கிழமைவரை பின்னோக்கி எண்ணினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றும் அந்த அட்டை என் மேசையில்தான் கிடந்தது.

புதுப் படிவத்தோடு இருவரும் காணாமல் போனவர்களைப் பதியும் அலுவலகத்துக்குப் போனோம். "இவ்வளவு காலமும் எங்க இருந்தீங்க அம்மா?" என்று அந்தக் கந்தோரில் கேட்டார்கள். நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். படிவத்தை மட்டும் நீட்டினேன்.

மறுநாள் பேராசிரியரிடம் போய், ஆய்வேட்டில் சித்தாண்டி முகாமைப் பற்றி ஒரு பந்தி சேர்க்க வேண்டும் என்றேன்.

"கென்யாவுக்குள்ள சித்தாண்டி என்னத்துக்கு?"

"அந்த எழுதுவினைஞர் நான்தான் சேர்."

"எழுதிக்கொண்டு வாங்க" என்றார்.

இப்போது என்னிடம் படித்துக் களஆய்வுக்குப் போகிற பிள்ளைகளே, ஆட்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். திகதியைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை, அவர்களுடையது அல்ல.

தங்கம்மாவின் மகன் இன்னும் வரவில்லை. அந்தத் திகதி மட்டும் எனக்கு மனப்பாடம்.