விசுவமடுவில் பால் கலந்த முலாம்பழம்

முல்லைத்தீவு அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களுக்காக என் தங்கச்சி தவமணி இந்த வருடம் விசுவமடுவில் தண்ணீர்ப்பந்தல் போட்டாள். நான் வவுனியாவிலிருந்து புறப்பட்டது அதற்காகத்தான். போன வருடம் அவளுடைய தோட்டக் கிணறு அடி தெரிய வற்றிப்போனது. இம்முறை வற்றாமல் நின்றால், புதிதாக நடப்போகும் முலாம்பழத்தின் முதல் பிடுங்கல் முழுவதையும் நடைக்காரருக்குக் கொடுப்பதாக நேர்ந்திருந்தாள். கிணறு நின்றது, பழமும் வந்தது.

எங்கள் குடும்பத்தில் எதற்கும் என்னைக் கேட்பதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், சைக்கிள் திருத்துகிறவன், இவனுக்கு என்ன தெரியும் என்பது எல்லோருடைய எண்ணம். வானொலி திருத்தவும் கணினியில் தமிழ் தட்டவும் நானாகவே பழகியதை ஒருவரும் பெரிதாக எடுத்ததில்லை. அதனால் தவமணி என்னை வரச்சொல்லிக் கேட்டவுடன், குடிக்கக் கொடுப்பதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு முதல் நாள் காலை ஆறரைக்கு வவுனியாவில் யாழ்ப்பாண பஸ் எடுத்தேன். விசுவமடுவுக்குப் போகிறவர்கள் கிளிநொச்சியில் இறங்க வேண்டாம், இன்னும் ஐந்து கிலோமீற்றர் போய்ப் பரந்தன் சந்தியில் இறங்குங்கள். எனக்கு 400 ரூபா எடுத்தார்கள். அங்கே முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். நிழலுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது, ஆனால் கதிரையில் இருந்தால் ஏதாவது வாங்கத்தான் வேண்டும். விசுவமடுச் சந்திக்கு 130 ரூபா. அங்கிருந்து உள்வீதியால் தவமணி வீடு மூன்று கிலோமீற்றர், ஓட்டோக்காரர் 350 கேட்டார்.

"எந்த வீடு ஐயா?"

"தவமணி வீடு."

"ஆர், அந்த வெளிநாட்டு வெள்ளரி அக்காவோ?"

"நான் அவான்ர அண்ணன்."

"அப்ப ஐம்பது ரூபா குறைச்சுத் தாங்கோ. பழம் ஒண்டு வெட்டேக்க என்னை நினையுங்கோ."

அந்த ஊரில் முலாம்பழம் நட்டது இவள்தான் முதல் ஆள். கடையில் றொக் மெலன் என்று சொல்லி விற்பது இதுதான். தோலில் வலை பின்னியது போல இருக்கும், உள்ளே செம்மஞ்சள். எங்கள் வெள்ளரிப்பழம் பழுத்தால் தானாக வெடிக்கும், மாவாக இருக்கும், சர்க்கரை போட்டால்தான் இறங்கும். இது வெடிக்காது, வெட்டியவுடன் வீடு முழுக்க மணக்கும். கொடியில் பிஞ்சு கூடிவிட்டால் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டுமாம். கிள்ளிய பிஞ்சில் தேங்காய்ப்பால் விட்டு, வெந்தயம் போட்டு, மத்தியானம் ஒரு பால்கறி வைத்தாள். சோற்றோடு இரண்டு தரம் வாங்கினேன். இருந்தாலும் பழமென்றால் வெள்ளரிப்பழமே மேல் என்ற என் எண்ணத்தில் இன்றுவரை மாற்றமில்லை.

பின்னேரம் குசினி அடுப்படியில் எங்கள் இருவருக்கும் கதை தொடங்கியது.

"அண்ணை, பாலையும் பழத்தையும் முன்கூட்டிக் கலக்க வேண்டாம். பழத்தை மசிச்சுத் தனிய வைப்பம். ஆக்கள் வரேக்க கலந்து குடுப்பம்."

"ஏன்?"

"மகள் ஒருநாள் கடையில வாங்கின பழத்தைக் கலந்து வைச்சவள். பிறகு குடிக்க ஒருமாதிரி இருந்தது."

"என்ன மாதிரி?"

"சொல்லத் தெரியேல்ல. ஒருமாதிரி."

"சொல்லத் தெரியாட்டி அது ஒரு காரணமே? மாம்பழத்தை நான் எத்தினை தரம் பாலில ஊறவிட்டனான். ஊறினாத்தான் ருசி. சனம் வரிசையில நிக்கேக்க நிண்டு கலக்கப்போறியோ?"

"உங்களோட கதைச்சு வெல்லேலாது."

"அப்ப கதையாதை."

விடியப்புறம் நாலு மணிக்குப் பழத்தை மசித்து, காய்ச்சி ஆறவைத்த பாலோடு சீனியும் சேர்த்து ஒரு கிடாரம் நிறையக் கலந்து, வெள்ளைத் துணியால் மூடிக் கட்டினேன். நேர்ந்து செய்ததை முதல் ஆளுக்குக் கொடுக்கும்வரை வீட்டார் வாயில் வைப்பதில்லை. பந்தல் முடியும்வரை நான் ஒன்றும் குடிப்பதில்லை என்று அதற்கு மேலும் ஒரு பிடிவாதம் பிடித்தேன்.

எட்டு மணிக்கு வெறுங்காலோடு நடைக்காரர் வந்தார்கள். முதலில் வாங்கிய அம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு நின்றா. என்னைப் பார்த்தா, கையிலிருந்த பேணியைப் பார்த்தா. பிறகு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்து, "அம்மாளாச்சி உங்களைக் காப்பாத்தட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனா. அடுத்தவரும் அப்படியே. ஒருவராவது குடித்து முடிக்காமல் பேணியைத் திருப்பித் தரவில்லை. அவர்களுடைய மௌனத்தை நான் களைப்பென்று நினைத்தேன். ஒருவர் போதும் என்று கையால் மறித்தும் விடாமல் இரண்டாம் பேணி ஊற்றினேன். அவர் அதையும் குடித்தார்.

ஒன்பதரை போல நேற்றைய ஓட்டோக்காரர் வந்து ஒரு பேணி வாங்கினார்.

"ஐயா, வேம்பு போட்டனீங்களோ?"

"என்ன வேம்பு? பாலும் பழமும்."

"இல்லை, பரவாயில்லை. சூட்டுக்கு நல்லம்தான். ஆனால் முதலே சொல்லியிருந்தா மூக்கைப் பொத்திக்கொண்டு குடிச்சிருப்பன்."

"நக்கல் அடிக்கிறியோ?"

"நான் ஏன் ஐயா நக்கல் அடிக்கிறன். இந்தாங்கோ, நீங்களே குடிச்சுப் பாருங்கோ."

பிடிவாதத்தை விட்டுக் குடித்தேன். நாக்கின் அடியில் வேப்பங்கொட்டையைக் கடித்தது போலிருந்தது. தவமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பேணி கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ குடிச்சனியோ?"

"ஓம். முதல் பத்துப்பேர் போன பிறகு."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமா நிண்டு ஊத்திறியள் அண்ணை. சனத்துக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது?"

மிச்சத்தைத் தென்னை அடியில் ஊற்றினோம். அவள் கடகத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், வியாபாரிக்கென்று கொடியில் விட்டிருந்த பழங்களைப் பிடுங்கிவந்து கீலம் கீலமாக வெட்டிக் கொடுத்தாள். பத்து மணிக்குப் பிறகு வந்தவர்கள் இனிக்கிற பழம் சாப்பிட்டார்கள். ஆனால் நேர்ந்த முதல் பிடுங்கல் கிடாரத்தோடு போய்விட்டது. பிழை என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தியை வாங்கி நானும் வெட்டினேன், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் நடந்தது கைதவறல் என்று விடலாம். அடுத்தநாள் காலை சந்தி பஸ் தரிப்பில் நடந்ததை அப்படி விட முடியவில்லை. எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"அந்த மஞ்சள் பழம் வாங்காதையுங்கோ மாமி, வேம்பு மாதிரிக் கைக்குமாம்."

"ஓமோ? ஆர் சொன்னது?"

"நேற்றுத் தவமணியக்கான்ர பந்தலில குடிச்ச சனம். அம்மனுக்கெண்டு குடுத்ததை என்னெண்டு குறை சொல்லுறது எண்டு விழுங்கிப்போட்டுப் போனவையாம்."

"கிணத்துத் தண்ணியில ஏதும் கோளாறோ தெரியாது."

இளையவள் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்களும் நேற்று அங்க நிண்டமாதிரிக் கிடக்கு. உண்மையே?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் வவுனியா" என்றேன்.

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். தவமணி கட்டித்தந்த நாலு பழமும் பரந்தன் வரைக்கும் மடியில் மணத்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து மூன்று தரம் செய்து பார்த்தேன். காய்ச்சாத பழத்தைப் பாலில் கலந்து உடனே குடித்தால் தேன் போல இருக்கிறது. ஒரு மணி நேரம் வைத்தால் கைக்கத் தொடங்குகிறது, நாலு மணி நேரத்தில் வாயில் வைக்க முடியாது. பழத்தை முதலில் கொதிக்கவிட்டு ஆறிய பிறகு பாலில் சேர்த்தால் கைக்கவில்லை. பந்தல் போடுகிறவர்கள் பாலைத் தனியே, பழத்தைத் தனியே வைத்து, குடிக்கிறவர் முன்னால் கலக்குங்கள். இல்லையென்றால் வெட்டிக் கொடுங்கள்.

போன கிழமை தவமணி தொலைபேசியில் எடுத்தாள். அடுத்த பிடுங்கலுக்குப் பழம் வாங்க ஊருக்குள் ஒருவரும் வரவில்லை என்று குறையாக இல்லாமல் செய்தியாகச் சொன்னாள். முதல் பிடுங்கலை வாற வருடம் திரும்பக் கொடுக்கப்போகிறாளாம்.

விசுவமடு, உடையார்கட்டுப் பக்கத்து ஆட்கள் சிலர் நான் இணையத்தில் எழுதுவதை வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பழம் இனிக்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரும் நல்ல தண்ணீர். வேண்டாம் என்று அவள் சொல்லியும் கேளாமல் கலந்து வைத்தவன் நான். பஸ் தரிப்பில் என்னைக் கேட்ட பிள்ளை கண்ணில் இது பட்டால், அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன்: நான் தவமணியின் அண்ணன்.