அப்பாவுக்கு நீந்தத் தெரியாது

என் அப்பா லாரன்ஸ் இருபத்தொன்பது ஆண்டுகள் பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே கடலில் ஓடிய ஃபெர்ரியில் வேலை செய்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. கூட வேலை செய்தவர்களில் பலருக்கும் தெரியாது. யாராவது ஆச்சரியப்பட்டால், "கடல்ல விழாம இருக்கத்தான் சம்பளம், நீந்துறதுக்கு இல்ல" என்பார்.

அவருடைய வேலை கயிறு. ஃபெர்ரி துறையை நெருங்கும்போது கயிற்றை வீசுவார், இரும்புக் குற்றியில் சுற்றி இறுக்குவார், சங்கிலியை அவிழ்த்துக் கார்களை வரிசையாக வெளியே விடுவார். உள்ளங்கைகள் இரண்டும் காய்த்துக் கட்டையாகியிருந்தன. அடுப்பிலிருந்து சூடான சட்டியை இறக்க அம்மா துணியைத் தேடமாட்டார், அப்பாவைக் கூப்பிடுவார்.

பட்டர்வொர்த் கரையில், பாகான் டாலாமில் எங்கள் வீடு. நான் படித்தது எதிரே, ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில். பல நாள் காலையில் அப்பா வேலை செய்யும் ஃபெர்ரியிலேயே போவேன். மேல்தளத்தில் தோழிகளோடு உட்கார்ந்திருப்பேன். கீழே அப்பா எண்ணெய்க்கறை படிந்த சட்டையோடு கார்களுக்குக் கை காட்டிக்கொண்டிருப்பார். ஒருநாளும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்ததில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிற மனிதர். பார்க்காதீர்கள் என்று நான் சொன்னதில்லை. அவராகவே புரிந்துகொண்டிருந்தார். எனக்கு அது வசதியாக இருந்தது.

படித்து முடித்து, அதே தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் மாதம், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரவர் அப்பாக்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவரின் அப்பா வங்கியில், இன்னொருவரின் அப்பா பல் மருத்துவர். எதிரே இருந்த முஸ்தஃபா என் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். ஃபெர்ரியில் இருக்கிறார் என்றேன்.

"கேப்டனா?"

வாயில் சோறு இருந்தது. மென்றபடியே தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எட்டு வருடம் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொய் தன்பாட்டுக்கு இருந்தது.

எங்கள் பிரிவில் பத்துப் பேர் சேர்ந்து, நான்கு நாள் லொம்போக் தீவுக்குப் போய் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்வது என்று ஏற்பாடானது. முஸ்தஃபாதான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது அவர்களில் ஒருத்தியான சாந்தினிக்கு அம்மை போட்டுவிட்டது. ஓர் இடம் காலி. அம்மா இறந்தபிறகு அப்பா வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று முஸ்தஃபாவுக்குத் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அப்பா வரமாட்டார் என்ற நம்பிக்கையில் கேட்டேன். "அலைக்கு மேல நிக்கணும், அதானே? ஃபெர்ரியில வேற என்னத்த செஞ்சேன்?" என்று அவர் அலமாரி மேலிருந்த பையை இறக்கினார்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். தீவுக்குப் போகும் பாலம் ஏறும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். பாலத்தின் நடுவே அப்பா ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் முடிந்தது. நான் சொல்லவில்லை.

எங்களைக் கண்டதும் முஸ்தஃபா கையை விரித்துக்கொண்டு வந்தார். "வாங்க கேப்டன் அங்கிள். உங்கள நம்பித்தான் இத்தன பேரும் கடலுக்குப் போறோம்."

அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார், அங்கே வேறு யாரோ நிற்பதுபோல. பிறகு என்னைப் பார்த்தார். நான் கைப்பையில் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்தேன். ஒரு கணம்தான். அப்பா பையைக் கீழே வைத்து, குதிகாலைச் சேர்த்து, முஸ்தஃபாவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். "எல்லாரும் லைஃப் ஜாக்கெட் எடுத்திட்டீங்களா தம்பி?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நிமிடத்திலிருந்து அவர் கேப்டன். சாப்பாட்டு மேசையில் புயல்களைப் பற்றிக் கேட்டார்கள், மூடுபனியில் எப்படிக் கரை கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். கீழ்த்தளத்தில் நின்றபடி இருபத்தொன்பது வருடம் மற்றவர்கள் செய்யும்போது பார்த்ததை எல்லாம் அவர் தான் செய்ததாகச் சொன்னார். நன்றாகச் சொன்னார். எங்கேயும் தப்பு வரவில்லை.

முதல் நாள் பாடம் மணற்கரையில், இடுப்பளவுத் தண்ணீரில். சொல்லிக்கொடுத்தவர் சாஹித் என்ற அந்த ஊர் இளைஞர். அவர் பேசிய இந்தோனேசிய மொழி எங்கள் மலாய்க்கு எட்டியது. பலகையில் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளி, அலை பின்னால் தூக்கும்போது ஒரே மூச்சில் எழுந்து நிற்க வேண்டும். பலகை கையைவிட்டுப் போகாதபடி அதன் பின்முனையிலிருந்து நீளமாக ஒரு கயிறு வரும். அதன் நுனியில் உள்ள பட்டையைக் கணுக்காலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்பா அந்தப் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டிப் பார்த்தார். "முடிச்சே கிடையாதா? பேப்பர் மாதிரி ஒட்டுறானுங்க." பிறகு பலகையோடு கயிற்றைச் சேர்த்திருந்த சிறு முடிச்சைத் தடவிப் பார்த்து, திருப்தி இல்லாமல், அதை அவிழ்த்து வேறு மாதிரி போட்டார். சாஹித் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று அப்பா எத்தனை முறை விழுந்தார் என்று எண்ணவில்லை. ஒரே ஒரு முறை முழங்கால் மடங்கியபடி, கைகளை நீட்டிக்கொண்டு, கரைவரைக்கும் வந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மூக்கில் உப்புத் தண்ணீர் ஒழுகச் சிரித்தார். அம்மா போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் படகில் ஏறி, வளைகுடாவின் நடுவே அலை உடையும் இடத்துக்குப் போவதாக இருந்தது. அங்கே கால் எட்டாது. கிளம்பும் முன், நீந்தத் தெரியாதவர்கள் கரையிலேயே நின்றுவிடலாம், கை தூக்குங்கள் என்றார் சாஹித். இரண்டு பேர் தூக்கினார்கள். "கேப்டன் அங்கிள கேக்கவே வேணாம் லா" என்றார் முஸ்தஃபா.

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். இடுப்பு வலிக்கிறது, வயசாகிவிட்டது என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான் குனிந்து, ஏற்கெனவே சரியாக ஒட்டியிருந்த என் கால் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். நிமிர்ந்தபோது அவர் படகில் ஏறியிருந்தார்.

இரண்டாவது அலையிலேயே அது நடந்தது. அலை என்னைத் தாண்டிப் போனதும் திரும்பிப் பார்த்தேன். அப்பாவைக் காணோம். அவருடைய பலகை மட்டும் பாதி தண்ணீருக்குள், செங்குத்தாக நின்று ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஏதோ அதை இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த அலை வந்து அதன் மேலேயும் போனது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. சாஹித் நீந்திப் போவது தெரிந்தது. அவர் போய்ச் சேரும் முன்பே, பலகையின் பின்முனையில், அந்தக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு கை வெளியே வந்தது. அதற்கு மேலே மறு கை. ஒரு கைக்கு மேல் மறு கை வைத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டே அப்பாவின் தலை வெளியே வந்தது. பலகையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தார்.

படகில் அவரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முஸ்தஃபாவின் முகம் வெளுத்திருந்தது. அப்பா இருமி முடித்துவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னார்: "கப்பல் மூழ்குனா கேப்டன்தான் கடைசியா எறங்கணும் தம்பி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவர்கள் நிம்மதியாகச் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஃபெர்ரியில் மேல்தளத்தை நிமிர்ந்து பார்க்காத மாதிரியே.

படகுத்துறைக்கு வந்தபோது வேறு யாரும் எழுவதற்குள் அப்பா எழுந்து கயிற்றை எடுத்தார். கம்பத்தில் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.  முடிச்சு இறுக்கமாக விழுந்தது.

பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்த சாஹித் என்னைத் தனியாக அழைத்தார். அவர் தன் மொழியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உங்க அப்பா கேப்டன் இல்ல, அக்கா. கயித்து வேலை செஞ்சவரு. என் அப்பாவும் படகுக்காரர்தான், எனக்குத் தெரியும். அவருக்கு நீந்தத் தெரியாதுன்னு ஏன் நீங்க சொல்லல?"

அதற்கு நான் சொன்ன பதில் இது: "மத்தவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

அவர் மறுபடி பலகைகளின்மேல் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

கேன்டீனில் தலையாட்டியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அதை மன்னிக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். சாஹித்திடம் சொன்னதை மன்னிக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவின் தலைமுடி இன்னும் காய்ந்திருக்கவில்லை.

ஊர் திரும்பி வீட்டுக்குப் போகும்போது பாலத்தில் அப்பா ஒரே ஒரு முறை பேசினார். "நாலு நாளு கேப்டனா இருந்தது நல்லாத்தான் இருந்துச்சு. சம்பளம்தான் வரல." நான் உண்மையைச் சொல்வதற்கு அவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் சிரித்தேன். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பதினான்கு மாதம் கழித்து அப்பா இறந்தார். மூளையில் இரத்தக் கசிவு, இரண்டே நாள். அலுவலகத்திலிருந்து எல்லோரும் பாகான் டாலாமுக்கு வந்தார்கள். பெரிய மலர்வளையம் கொண்டுவந்தார்கள். அதன் நாடாவில் 'கேப்டன் லாரன்ஸ்' என்று எழுதியிருந்தது.

அய்யாக்கண்ணு மாமா அப்பாவோடு இருபது வருடம் ஒரே ஃபெர்ரியில் கயிறு பிடித்தவர். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, நாடாவை நிதானமாக வாசித்தார்.

"யாரு பாப்பா கேப்டன்?"

முஸ்தஃபா பக்கத்திலேயே நின்றார். நான் மலர்வளையத்தின் நாடாவைச் சரிசெய்தேன்.  மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு முஸ்தஃபாவின் பக்கம் திரும்பினார்.

"நாங்கெல்லாம் இவர அப்படித்தான் கூப்பிடுவோம் தம்பி."

கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா செய்ததையே அவரும் செய்தார். அப்பாவைப் பெட்டியில் கிடத்தியபிறகும் என்னைக் காப்பாற்ற ஒருவர் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாற்பதாம் நாள் பூசை. வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மடல் அச்சாகிறது. அதில் அப்பாவின் படத்துக்குக் கீழே 'ஃபெர்ரியில் கயிற்றுத் தொழிலாளி, இருபத்தொன்பது ஆண்டுகள்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கங்களும் அதற்குள் இருக்கும். அய்யாக்கண்ணு மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பார். முஸ்தஃபாவுக்குத் தமிழ் வாசிக்க வரும். தமிழ் தெரியாதவர்களுக்கு அவர் எடுத்துச் சொல்லட்டும் என்று விடப்போவதில்லை. கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் நானே சொல்வேன்: அப்பா கேப்டன் இல்லை. அவருக்கு நீந்தத் தெரியாது. எனக்கு அது தெரியும்.