அமுதவல்லி கொட்டிய ரோடுகள்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அமுதவல்லிக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தரையில் நிற்காது. யார் வேண்டுமானாலும் போனிலேயே வரையக்கூடிய ஒரு பொது வரைபடம் இணையத்தில் இருக்கிறது. சம்பளம் கிடையாது, பாராட்டும் கிடையாது. அதில் ஊர்த் தெருக்களைச் சேர்ப்பதற்காக அவளும், உப்பு லாரி ஓட்டும் நடராசனும், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் அந்தோணிராஜும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு முட்டுச்சந்தைச் சேர்ப்பதற்குள் நாலு சண்டை, பிறகு சுடச்சுடப் போண்டா. அந்த அரட்டைக்காகத்தான் வாரம் முழுக்க அவள் கடையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் இணையத்தில் ஒரு கோப்பு கண்ணில் பட்டது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே வரைந்த ரோடுகள், மரக்காணத்திலிருந்து பெருமுக்கல் வரைக்கும் மொத்தமாக. பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று நினைத்தாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆசைக்காரிக்கு அதுவும் இல்லை. கூட்டாளிகளை ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனையையும் வரைபடத்தில் கொட்டிவிட்டாள்.

நடராசன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எல்லாம் ரொம்பிப்போச்சேம்மா. இனிமே நமக்கு இன்னா வேலை?" என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அந்தோணிராஜும் வரவில்லை. அமுதவல்லி தனியாகப் போண்டா தின்றாள். நன்றாகவே இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தோமே என்று அழுகை வந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம் அந்தோணிராஜ் போன் செய்தான்.

"அக்கா, உப்பளத்துல முட்டியளவு சேத்துல நிக்கிறேன்! வண்டி உள்ள, பார்சல் மிக்ஸியும் உள்ள! உன் மேப்புல ரோடுன்னு இருந்துச்சு."

"டேய், அது பாத்தி வரப்புடா. மழையில கரையும்னு ஒனக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நீ போட்ட ரோடாச்சே, புதுசா மண்ணு அடிச்சிருப்பாங்கன்னு வந்துட்டேன்."

அமுதவல்லிக்குச் சுருக்கென்றது. மேலிருந்து பார்த்தால் வரப்பும் ரோடு போலத்தான் தெரியும். தை பிறந்து உப்புக்குப் புதிதாகப் பாத்தி கட்டும்போது அதையே வேறு இடத்தில் போடுவார்கள். இதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரிந்த அவளோ ஒரு கோட்டைக்கூடப் பார்க்கவில்லை.

கடையைச் சாத்திவிட்டு ஓடினாள். நடராசனையும் கூப்பிட்டுக்கொண்டாள். மூவரும் கயிறு கட்டி வண்டியை இழுத்தார்கள். சேற்றைக் கழுவிய கையோடு, தான் கொட்டியதை எல்லாம் வரைபடத்திலிருந்து நீக்கினாள். மூவரும் சண்டை போட்டு வரைந்த பாதைகள் மட்டும் மிஞ்சின. அதைப் படமெடுத்து இருவருக்கும் அனுப்பினாள்.

"தப்பு என்னுதுதான். நான் கொட்டுனதை எல்லாம் எடுத்துட்டேன், நாம போகாத இடமெல்லாம் மறுபடியும் காலியாத்தான் இருக்குது. ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?"

நடராசன் உடனே சரி என்றார். அந்தோணிராஜும் பதில் போட்டான்.

"வர்றேன்க்கா. ஆனா வரப்பு வந்தா நீ முன்னாடி போ."