சேரில் உட்கார்ந்த கிறிஸ்துமஸ் கள்ளி

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் சேர். அதில் ஒரு செடி உட்கார்ந்திருக்கும். நான் தரையில். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கச் சிரித்து ஓய்ந்த சமாச்சாரம்தான் இது.

மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிற ஆள் நான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் ஒதுங்கியிருக்கிறேன். மழை விட்டதும் வந்துவிட்டேன். அப்படிப்பட்டவன் ஒருநாள் பங்களாவில் கிளை கழிக்கப் போன இடத்தில், குப்பையில் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. நண்டுக்கால் மாதிரி கணுக்கணுவாக இருந்தது. கிறிஸ்துமஸ் கள்ளி, டிசம்பர் வாக்கில் பூக்கும் என்றார்கள். ஒரு பெயிண்ட் டப்பாவில் இலைமக்கு போட்டு நட்டேன். காப்பி நாற்றுக்கு ஊற்றுகிற மாதிரி தண்ணீர் ஊற்றினேன். அழுகிப் போனது. அழுகாத நுனியைக் கிள்ளி மறுபடி நட்டேன். இந்தத் தடவை மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். பிழைத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"கள்ளிய ஊட்டுக்குள்ள வெச்சா குடும்பம் வெளங்குமாங்க?"

"இதுல முள்ளே இல்ல புள்ள. தொட்டுப் பாரு."

"முள்ளு உங்க வாயிலதான் இருக்குதே, அது பத்தாதா?"

வெயில் நேராகப் படாத, வெளிச்சம் மட்டும் வருகிற ஜன்னல் முன்னறையில் ஒன்றுதான். அதன் உயரத்துக்குச் சேர் சரியாக இருந்தது. இப்படித்தான் செடிக்கு நாற்காலி கிடைத்தது.

ரெண்டு வருஷம் ஒரு மொட்டுகூட இல்லை. அடுத்த மழைக்காலத்தில் முன்னறை டியூப்லைட் போய்விட்டது. மாற்றச் சோம்பல். இருட்டிலேயே கிடந்தோம். கொஞ்ச நாளில் கணு நுனியெல்லாம் ரோஸ் நிறத்தில் மொட்டு! என் செடியிலிருந்து துண்டு வாங்கிப்போன பக்கத்து வீட்டிலோ ராத்திரி முழுக்க வாசல் பல்ப் எரியும். அங்கே ஒரு மொட்டும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் செடிக்கு ராத்திரி என்றால் ராத்திரியாக இருக்க வேண்டும். என் சோம்பேறித்தனத்தால் உலகத்துக்கு நடந்த ஒரே நல்ல காரியம் இது.

அந்தச் சந்தோஷத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு லைன் முழுக்கக் காட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் மொட்டெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. மொட்டு விட்ட பிறகு இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளுமாம்.

"பூக்கறதுக்கு முன்னாலயே ஊர்வலம் உட்டா எப்படிங்க?" என்று லைனே கேட்டது.

அன்றைக்கு முடிவு செய்தேன். அடுத்த வருஷம் இது பூக்கும். அதுவரை முன்னறையில் லைட் கிடையாது. மொட்டு விட்டால் சேர் அசையாது. முதல் வருஷம் சோம்பல், ரெண்டாவது வருஷம் கொள்கை.

மறுபடி மொட்டு வந்தது. என் வீட்டுக்காரி டீவியைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "லைட்டும் இல்ல, சேரும் இல்ல. இது ஊடுங்களா, குகைங்களா?" என்று கேட்டுவிட்டு, சேலத்தில் இருக்கிற தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மச்சான் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் புது டியூப்லைட். அவருக்கு மூட்டு வலி. எப்போது வந்தாலும் அந்தச் சேர்தான் அவருக்கு.

"ஏனுங்க மாப்ள, செடிய எறக்கி வைங்க. உக்காரணும். அப்பறம் அதும்மேல ஏறி லைட்டயும் மாட்டிப் போடறேன்."

"எறக்க முடியாதுங்க மச்சான். மொட்டு விட்டிருக்குது."

"வந்த மனுசனவிட இது பெருசுங்களா?"

"நீங்க வருசத்துக்கு நாலு தடவ வர்றீங்க. இது இன்னும் ஒரு தடவகூடப் பூக்கலீங்க."

என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். மச்சானும் விடுகிற ஆளில்லை. தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, முனகிக்கொண்டே ஏறி, டியூப்பை மாட்டினார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த ஸ்டார்ட்டரக் குடுங்க."

பழைய மாதிரி லைட். ஓரத்தில் விரலளவு டப்பி ஒன்றைச் செருகினால்தான் எரியும். அது என் கையில் இருந்தது. அவர் பார்க்கப் பார்க்கச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"மாப்ள, விளையாடாதீங்க."

"பூத்தாத் தர்றேனுங்க."

டிரம் மேல் நின்றபடியே என்னை நன்றாகத் திட்டினார். படித்தவனாக இருந்தால் ரோஷம் வந்திருக்கும். அன்று ராத்திரி சமையலறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டார். விடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். நான் சேரை அசைக்கவில்லை.

மொட்டு விட்டபிறகு லைட் எரிந்தால் பெரிசாக ஒன்றும் ஆகாது என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். இருக்கட்டும். அன்றைக்கே தெரிந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

டிசம்பர் பனியில் ஒருநாள் காலையில் பூத்தது. கணுவுக்குக் கணு, ரோஸ் பாவாடையை அடுக்கடுக்காகக் கட்டிவிட்ட மாதிரி தொங்கியது. அன்று இருட்டியதும் ஸ்டார்ட்டரை எடுத்து நானே மாட்டி, சுவிட்சைப் போட்டேன். என் வீட்டுக்காரி கதவருகே நின்று பார்த்தாள்.

"இதுக்குத்தான் இத்தன அழும்பா?" என்றாள். ஆனால் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

இப்போதும் ஐப்பசி பிறந்தால் ஸ்டார்ட்டர் என் சட்டைப் பைக்கு வந்துவிடும். மச்சான் ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, போன கார்த்திகையில் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு மடக்கு ஸ்டூல். இருட்டு அறையில், ஜன்னலுக்குத் தள்ளி அதைப் போட்டு உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"மொட்டு வந்திருச்சுங்களா மாப்ள?"

"வந்திருச்சுங்க. மூச்சப் பாத்து உடுங்க."