பேருந்தில் ஒலித்த என் மெட்டு

இன்று அவிநாசி பேருந்தில் ஆரோக்கியம் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொண்ணூறுகளில், முப்பது வயதுக்கு மேல், திருப்பூர் மண்ணரையில் ஓர் ஆர்மோனிய வாத்தியாரிடம் மெட்டுப் போடச் சேர்ந்து கற்றவர்கள் நாங்கள்.

அப்போது நான் பகலெல்லாம் பனியன் கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டினேன். கொஞ்ச காலத்தில் மேல் ஸ்தாயி சுரங்கள் எனக்குக் கேட்காமல் போயின.

வாத்தியார் ஆர்மோனியத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "மிஷின் சத்தம் காதைத் தின்னுருச்சுங்க. அந்த வேலைய உட்டுருங்க. இல்லீனா பாட்ட உட்டுருங்க."

வீட்டில் குழந்தைகள் இருந்தன. பாட்டை விட்டேன். காதும் போனது; இப்போது காதருகே கத்தினால் மட்டுமே பேச்சு விழும்.

இன்று அண்ணன் என் காதருகே கத்தினார்: "தம்பி, நீங்க போட்ட அந்த ஒரு மெட்டத்தான் எம்பட சம்சாரம் கண்ண மூடறதுக்கு முன்னால கடைசியாப் பாடச் சொல்லிக் கேட்டாளுங்க."

பிறகு அதைப் பாடினார். உதடுகள் அசைந்தன. முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வண்டியின் அதிர்வு மட்டுமே தெரிந்தது.

"சரியாப் பாடுனனுங்களா?" உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"ஒரு சுரங்கூடத் தப்பலீங்கண்ணா" என்றேன்.

மெட்டுப் போட்டவனைத் தவிர பேருந்தில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?